ஒரே மாம்பழக் கூழ், இரண்டு முறை, இரண்டு பட்டியல்: எதை நம்புவது?

ஆய்வு மாணவர் ஒருவரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். அல்போன்சா கூழை லைக்கன்ஸ்-நிக்கர்சன் கருவியில் (கொதிக்கவைத்து மணத்தைக் கரைப்பானில் பிடிக்கும் கருவி) வடித்தபோது ஃபர்ஃபுரால், ஆல்ஃபா-டெர்பினியோல், லினலூல் ஆகிய மணப்பொருள்கள் எல்லாம் ஜி.சி. (பொருள்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்புக் கருவி) வரைபடத்தில் பெரிய பீக்குகளாக, அதாவது முகடுகளாக, வந்தன. அதே கூழை எஸ்.பி.எம்.இ. ஃபைபரில் (கூழின் மேலுள்ள காற்றிலிருந்து மணத்தைப் பிடிக்கும் பூச்சிட்ட மெல்லிழை) பிடித்தபோது ஓசிமீன் என்ற பொருள் ஒன்றே பாதிக்கு மேல். ஃபர்ஃபுரால் இல்லவே இல்லை. கைடு "எது சரி?" என்று கேட்கிறார். எந்த முறை சிறந்தது? அதையே பெரிய அளவில் செய்து ஐஸ்கிரீமுக்கு மாம்பழ எசன்ஸ் எடுக்க முடியுமா?

சிறந்த முறை எது என்று கேட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: பழத்தைக் கடிக்கும்போது மூக்குக்கு எட்டும் மணம் இந்த இரண்டு பட்டியலில் எதில் இருக்கிறது என்பது. இரண்டிலும் முழுதாக இல்லை. முதலாவது, பழத்தோடு அதைக் கொதிக்கவைத்ததன் விளைவையும் சேர்த்துக் காட்டுகிறது. இரண்டாவது, காற்றில் எளிதாக எழும் பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அல்போன்சாவுக்கு அதன் தனி மணத்தைத் தரும் சில பொருள்கள் இரண்டிலுமே நழுவுகின்றன. அவற்றைப் பிடிக்க, சூடாக்காமல் கரைப்பானில் எடுத்து உயர் வெற்றிடத்தில் வடிக்க வேண்டும். ஆய்வேட்டுக்கு என் பரிந்துரை அதுதான். ஐஸ்கிரீம் எசன்ஸ் முற்றிலும் வேறு கணக்கு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முறைகள் ஏன் முரண்படுகின்றன என்பதற்கு மூன்று பொருள்களைப் பார்த்தாலே போதும். சிஸ்-ஓசிமீன் ஒரு ஹைட்ரோகார்பன். தண்ணீரில் கரையாது; கூழை விட்டுக் காற்றுக்குத் தாவவே பார்க்கும். ஃபியூரனியால் நேர் எதிர். தண்ணீரோடு நன்றாகச் சேரும், கூழை விட்டு எழும்புவது மிகக் குறைவு, நீண்ட நேரச் சூட்டில் சிதையும். ஆனால் மூக்குக்குக் காய்ச்சிய சர்க்கரை, ஸ்ட்ராபெரி மணமாகத் தெரிய மிகச் சிறிய அளவே போதும். காமா-ஆக்டாலாக்டோன் போன்ற லாக்டோன்கள் நடுவில் நிற்கின்றன: கொதிநிலை அதிகம், கொழுப்பில் ஒட்டும், தேங்காய்-பீச் வாசனை. அல்போன்சாவின் மணத்தில் அளவில் முந்தி நிற்பது ஓசிமீன். லாக்டோன்களும் ஃபியூரனியால் போன்ற ஃபியூரனோன்களும் பழம் கனியும்போது கூடி வருகின்றன என்பதைப் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் ஆய்வுகள் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அளவில் பெரியதே மணத்திலும் பெரியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பீட்டா-டமாசினோன் என்ற பொருள் ஒரு லிட்டர் தண்ணீரில் 2 நானோகிராம் அளவில் இருந்தாலே மணக்கும். ஓசிமீன் போன்ற டெர்பீன்கள் பலவற்றுக்கு அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் வேண்டும். பீக்கின் உயரத்தை வைத்து "இதுதான் முக்கிய மணப்பொருள்" என்று எழுதும் ஆய்வேடுகள் தவறுவது இங்கேதான்.

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பாதி வேலை கெட்டுப்போக வாய்ப்பிருக்கிறது. பழத்தை அரைத்த கணமே செல்கள் உடைந்து லிப்பாக்சிஜெனேஸ் நொதி கொழுப்பமிலங்களைத் தாக்கும்; ஹெக்சனால் என்ற ஆல்டிஹைடு, டிரான்ஸ்-2-ஹெக்சினால் என்ற பச்சைவாடைப் பொருள்கள் நிமிடக் கணக்கில் உருவாகும். எஸ்டரேஸ் நொதிகள் பழமணம் தரும் எஸ்டர்களை உடைத்துக்கொண்டே இருக்கும். அரைத்த கூழை மேசையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு எடுத்தால் நீங்கள் அளப்பது வேறு கூழ். வாயில் மெல்லும்போதும் இந்த நொதிகள் வேலை செய்கின்றன என்பதால் அவற்றை அடியோடு தடுப்பதும் சரியல்ல. கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் தக்காளி மணத்தை ஆராய்ந்தவர்கள் இதற்கு நல்ல வழி காட்டினார்கள்: அரைத்த பின் சரியாக 3 நிமிடம் விட்டு, நிறைவுற்ற கால்சியம் குளோரைடு கரைசலை ஊற்றி நொதிகளை நிறுத்தினார்கள். மாம்பழத்துக்கும் இதைச் செய்யலாம். கால்சியம் குளோரைடு கரையும்போது சூடாகும். முன்கூட்டியே கரைத்து ஆறவைத்துக் குளிரூட்டி வைத்திருங்கள். பழத்தின் பெக்டினோடு கால்சியம் சேர்ந்தால் கூழ் கட்டிப்பட வாய்ப்புண்டு. ஃபைபர் முறைக்கு அது பெரிய தடையில்லை. கரைப்பான் முறைக்குத் தொல்லை. அங்கே சாதாரண உப்பும் பனிக்கட்டிக் குளிரும் வேகமான கையுமே நல்லது.

தோலையும் காம்புப் பாலையும் கவனியுங்கள். மாங்காய்ப் பாலில் டெர்பீன்கள் செறிந்திருக்கும். காம்பைக் கிள்ளிய இடத்திலிருந்து வடிந்த பால் கூழில் கொஞ்சம் கலந்தாலே ஓசிமீன் பீக் எகிறும். அதைப் பழத்தின் குணம் என்று எழுதிவிடுவீர்கள். காம்புப் பக்கம் தடிமனாக வெட்டி எறியுங்கள், தோலைச் சதை சிறிது போனாலும் ஆழமாகச் சீவுங்கள். கூழ் டின்னில் அடைத்ததா என்பதும் முக்கியம். அடைத்த கூழ் ஏற்கெனவே சூடுபட்டது. அதில் கொஞ்சம் ஃபர்ஃபுரால் இருப்பது இயல்பு. அகத்தரத்தை (இழப்பை அறியத் தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்), உதாரணமாக 200 கிராம் கூழுக்கு 100 மைக்ரோகிராம் 2-ஆக்டனால், அரைத்த உடனேயே சேருங்கள். கடைசியில் செறிவூட்டிய சாற்றில் சேர்த்தால் வழியில் இழந்தது எதையும் அது காட்டாது. பழமே இல்லாத வெற்று ஓட்டம் ஒன்றும் ஒவ்வொரு தொகுதியோடும் ஓட வேண்டும்.

இனி லைக்கன்ஸ்-நிக்கர்சன். பீருக்கு இடும் ஹாப்ஸ் எண்ணெயை ஆராய 1964-இல் உருவான கருவி இது. ஒரு குடுவையில் கூழும் தண்ணீரும் கொதிக்கும், மறுகுடுவையில் கரைப்பான் கொதிக்கும், இரண்டின் ஆவியும் ஒரே குளிர்விப்பானில் சந்தித்து, அங்கேயே மணப்பொருள்கள் கரைப்பானுக்கு மாறும். தண்ணீர் தண்ணீர்க் குடுவைக்கும் கரைப்பான் தன் குடுவைக்கும் திரும்பும். வழக்கமாக 250 கிராம் கூழுக்குச் சமஅளவு தண்ணீர், மறுபக்கம் 50 மி.லி. பென்டேன்-ஈதர் கலவை, 1 முதல் 2 மணி நேரம். கருவியின் நடுக் கைக்குழாய் கரைப்பானின் அடர்த்திக்கு ஏற்ப அமைந்தது. தண்ணீரைவிட இலேசான பென்டேனுக்கான கருவியில் கனமான டைகுளோரோமீத்தேனை ஊற்றினால் திரும்பும் பாதை மாறிக் கரைப்பான் தண்ணீர்க் குடுவைக்குப் போய்விடும். குளிர்விப்பானில் குழாய்த் தண்ணீர் ஓடினால் நம் ஊர் வெயிலில் போதாது. பென்டேன் 36 டிகிரியில் கொதிப்பது, பாதி பறந்துவிடும். குளிரூட்டிய கிளைகால் என்ற உறையாத் திரவம் சுற்ற வேண்டும், பூஜ்ஜியத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. மாம்பழக் கூழ் கெட்டி. அடியில் பிடிக்கும், நுரைத்துக் கருவியின் கைக்குழாய்க்குள் ஏறும். எண்ணெய்க் குளியலும் காந்தக் கலக்கியும் இல்லாமல் நேரடிச் சூட்டில் வைப்பது கருகலை அழைப்பதுதான்.

இதன் பலம், ஒரே இயக்கத்தில் நிறமும் மெழுகும் இல்லாத தெளிந்த சாறு கிடைப்பது. டெர்பீன்களும் எஸ்டர்களும் நல்ல அளவில் மீளும். பலவீனம், அமிலமும் சர்க்கரையும் உள்ள கூழை ஒன்றிரண்டு மணி நேரம் 100 டிகிரியில் வேகவைப்பது. பென்டோஸ் சர்க்கரையும் அஸ்கார்பிக் அமிலமும் உடைந்து ஃபர்ஃபுரால் வரும். பழத்தில் சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கும் லினலூல் கிளைகோசைடுகள் அமிலச் சூட்டில் அவிழ்ந்து லினலூலாகி, அதிலிருந்து ஆல்ஃபா-டெர்பினியோலும் உருவாகும். உங்கள் முதல் பட்டியலில் பெரிதாகத் தெரிந்தவை இவையேதான். ஃபியூரனியாலோ நீராவியோடு எழும்பாமல் குடுவையிலேயே தங்கிச் சிதைகிறது. ஃபர்ஃபுரால் சூட்டின் விளைவு என்பதில், புதிய பழமாக இருந்தால், எனக்கு ஐயமில்லை. லினலூலில் எவ்வளவு பழத்தில் சுதந்திரமாக இருந்தது, எவ்வளவு பிணைப்பிலிருந்து வந்தது என்பதை அந்த ஓட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அல்லோ-ஓசிமீன் தென்பட்டால் அதுவும் ஐயத்துக்குரியது: ஓசிமீன் சூட்டில் அப்படி மாறக்கூடியது, ஆனால் சூடுபடாத பழத்திலும் அது இருக்கக்கூடும்.

கைடுக்குக் காட்ட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. கூழுக்குப் பதிலாகத் தண்ணீரில் சர்க்கரை, சிட்ரிக் அமிலம், கொஞ்சம் அஸ்கார்பிக் அமிலம் மட்டும் கரைத்து, பி.எச். கூழின் அளவுக்குச் சரிசெய்து, அதே கருவியில் அதே நேரம் ஓட்டுங்கள். அதில் ஃபர்ஃபுரால் வந்தால் விவாதம் முடிந்தது. அழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த வெப்பத்தில் ஓட்டும் வகையும் உண்டு. ஆனால் வெற்றிடத்தில் பென்டேனைப் பிடித்து வைக்கவே முடியாது என்பதால் கொதிநிலை கூடிய கரைப்பான் வேண்டும், குளிர்விப்பு இன்னும் கடுமையாக வேண்டும். அவ்வளவு சிரமப்படுவதற்கு வேறு முறைக்கே போகலாம்.

எஸ்.பி.எம்.இ. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஆர்தரும் பாவ்லிஷினும் 1990-இல் வெளியிட்ட முறை. கரைப்பான் வேண்டாம், மாதிரி சில கிராம் போதும், ஒரு மணி நேரத்தில் விடை. அதனாலேயே நம் ஆய்வகங்களில் எல்லாரும் முதலில் கையில் எடுப்பது இதுதான். பழத்துக்குப் பொதுவாகப் பயன்படுவது டைவினைல்பென்சீன், கார்பாக்சென், பாலிடைமெத்தில்சிலாக்சேன் மூன்றும் சேர்ந்த 50/30 மைக்ரான் ஃபைபர். புதியதை 270 டிகிரியில் ஒரு மணி நேரம் பதப்படுத்த வேண்டும். 20 மி.லி. குப்பியில் 5 கிராம் கூழ், 1.5 கிராம் உப்பு, காந்தக் கலக்கி, 40 டிகிரியில் 10 நிமிடம் சமநிலைக்கு, பிறகு 30 நிமிடம் ஃபைபரை நீட்டிவைத்தல், ஜி.சி.யின் 250 டிகிரி இன்ஜெக்டரில் 3 முதல் 5 நிமிடம். தொடங்க இது நல்ல அமைப்பு. குப்பியை 60, 70 டிகிரிக்கு ஏற்றினால் பீக்குகள் கூடும். கூடவே லைக்கன்ஸ்-நிக்கர்சனின் கோளாறும் மெல்ல உள்ளே வரும். 40-ஐத் தாண்ட வேண்டாம்.

இதில் தவறு நடப்பது ஃபைபரின் இடப்பற்றாக்குறையால். கார்பாக்சென், டைவினைல்பென்சீன் இரண்டும் நுண்துளைகளில் பொருள்களைப் பிடிப்பவை. துளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அல்போன்சாவில் ஓசிமீன் வெள்ளமாக வரும்போது, கூட்டமான பேருந்தில் பின்னால் ஏறிய பலசாலி ஏற்கெனவே உட்கார்ந்தவரை எழுப்பிவிடுவதுபோல, முதலில் ஒட்டிய சிறு எஸ்டர்களும் ஆல்டிஹைடுகளும் வெளியேற்றப்படும். நேரம் கூடக் கூடச் சில பீக்குகள் குறைவதைப் பார்த்தால் இதுதான் காரணம். உறுதிசெய்ய வழி: கூழைத் தண்ணீரில் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டுங்கள். எல்லாப் பீக்கும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஃபைபர் நிரம்பவில்லை. சில குறையாமல் நின்றாலோ, மாறாகக் கூடினாலோ, முதல் ஓட்டத்தின் விகிதங்கள் எதையும் நம்ப முடியாது. 100 மைக்ரான் சாதாரண சிலாக்சேன் ஃபைபரில் இந்தப் போட்டி பெரும்பாலும் இல்லை, அதில் பொருள்கள் துளையில் ஒட்டாமல் படலத்துக்குள் கரைகின்றன. ஆனால் நீரோடு சேரும் பொருள்களை அது சரியாகப் பிடிக்காது.

எனவே எஸ்.பி.எம்.இ. அட்டவணையில் "ஓசிமீன் 68 சதவீதம்" என்று போட்டால், அது பழத்தில் உள்ள அளவு அல்ல, ஃபைபர் பிடித்த பரப்பின் பங்கு மட்டும். ஒவ்வொரு பொருளையும் ஃபைபர் வெவ்வேறு அளவில் விரும்புவதால் ஒரே ஓர் அகத்தரத்தை வைத்து எல்லாவற்றையும் மைக்ரோகிராமாக மாற்றுவதும் தவறு. பொருளுக்குப் பொருள் தரநிலைச் சேர்க்கை செய்ய வேண்டும்: அதே கூழில் தெரிந்த அளவுகளை மூன்று நான்கு படியாகக் கூட்டி, கோட்டைப் பின்னுக்கு நீட்டிப் படிக்க வேண்டும். இந்தக் குறைகள் எல்லாம் இருந்தும் ஒரு வேலைக்கு இதற்கு இணையில்லை. முப்பது மாதிரிகளை, ரகவாரியாகவோ பழுக்கும் நாள்வாரியாகவோ ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே ஃபைபர், ஒரே நேரம், ஒரே உப்பு என்று வைத்து ஓட்டினால் வேறுபாடுகள் நம்பகமாகத் தெரியும். நடுவில் ஃபைபர் முறிந்து புதியதுக்கு மாறினால் மட்டும் பழைய மாதிரிகள் சிலவற்றைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது வழிக்கு வருவோம், அதாவது சூடுபடாமல் கரைப்பானில் எடுப்பது. 200 கிராம் கூழைப் பனிக்குளிரில் வைத்து, உப்பால் நிறைவாக்கி, 100 மி.லி. டைகுளோரோமீத்தேனால் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் மெதுவாகக் கலக்கி எடுக்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் பெக்டின் காரணமாகத் தயிர்போல் குழம்பிப் பிரியாமல் நிற்கும். பிரிபுனலில் மணிக்கணக்காகக் காத்திருப்பதால் பயனில்லை. குளிரூட்டிய சென்ட்ரிஃபியூஜில் 15 நிமிடம் சுழற்றுவதுதான் தீர்வு. குழாய்கள் டைகுளோரோமீத்தேனைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள்: பாலிகார்பனேட் குழாய் கரைந்துவிடும், டெஃப்லான் அல்லது கண்ணாடி வேண்டும். பெக்டினேஸ் நொதி சேர்த்துக் கூழை இளக்கலாமே என்று தோன்றும். கடையில் கிடைக்கும் பெக்டினேஸ் தூள்களில் குளுக்கோசிடேஸ் செயலும் கலந்திருப்பது வழக்கம். அது பிணைந்த மணத்தை அவிழ்த்துவிடும். பகுப்பாய்வுக்கு வேண்டாம்.

சேர்த்த கரைப்பானை நீரற்ற சோடியம் சல்பேட்டில் உலர்த்தினால் ஆரஞ்சு நிறத்தில் கரோட்டினும் மெழுகும் கொழுப்பும் கலந்த சாறு இருக்கும். இதை நேரடியாக ஜி.சி.யில் ஏற்றினால் இன்ஜெக்டரும் காலமும் (column, பொருள்களைப் பிரிக்கும் நீள்குழாய்) நாசம். இங்கேதான் எங்கெல், பார், ஷீபர்லே மூவரும் ஜெர்மனியில் 1999-இல் வெளியிட்ட சேஃப் என்ற கண்ணாடிக் கருவி வருகிறது. 40 டிகிரி நீர் சுற்றும் தலைப்பகுதி, உயர் வெற்றிடம், திரவ நைட்ரஜனில் அமிழ்ந்த குடுவை. சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டால், ஆவியாகக்கூடியவை கணத்தில் தாவி மறுபக்கம் உறையும். ஆரஞ்சு நிறம் முழுதும் இப்பக்கமே தங்கும். வடிந்தது நீர்போல் நிறமற்று இருக்க வேண்டும். இலேசாக மஞ்சள் தெரிந்தால் சொட்டும் வேகம் அதிகம், துளிகள் தெறித்துப் போயிருக்கின்றன, திரும்பச் செய்யுங்கள். அண்மையில் வால்வைத் தானாகத் திறந்து மூடும் அமைப்பும் வந்திருக்கிறது, அதில் தெறிப்பு குறைந்து மீட்பும் கூடுகிறது. கொழுப்பு மிகுந்த பொருளில் லாக்டோன்களின் மீட்பு சேஃபில் குறையும். மாம்பழச் சதையில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் அந்தக் கவலை இங்கே பெரிதல்ல.

அடுத்து செறிவூட்டல். வேலை அதிகம் வீணாவது இதில்தான். 300 மி.லி.யை 200 மைக்ரோலிட்டராகக் குறைக்க ரோட்டாவேப் (வெற்றிடச் சுழல் ஆவியாக்கி) கூடாது. எஸ்டர்கள் கரைப்பானோடு போய்விடும். 50 செ.மீ. விக்ரூ காலம் என்ற வடிப்புக் குழாய் வைத்து, 45 டிகிரி நீர்க்குளியலில், மெதுவாக வடித்துக் கரைப்பானை நீக்குங்கள். நைட்ரஜன் ஊதி உலர்த்தவே வேண்டாம். கரைப்பானில் உள்ள மாசும் கூடவே 1,500 மடங்கு செறிவாகும் என்பதை நினைவில் வையுங்கள்: டைகுளோரோமீத்தேனில் நிலைநிறுத்தியாகச் சேர்த்த அமைலீன் அல்லது எத்தனால், ஈதரில் பி.எச்.டி. (BHT) என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பி எல்லாம் பீக்காகத் தெரியும். பழமில்லாமல் அதே 300 மி.லி.யைச் செறிவாக்கி ஓட்டிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். கரைப்பான் பீக்கின் அடியில் எத்தில் அசிட்டேட் போன்று காலத்திலிருந்து முதலில் வெளிவருபவை மறைந்துபோவது இந்த முறையின் தீராத குறை; அந்த இடத்தை எஸ்.பி.எம்.இ. நிரப்பும். ஃபியூரனியாலைப் பார்க்க சாதாரணச் சிலாக்சேன் காலம் உதவாது, பீக் வால்நீண்டு அடிக்கோட்டோடு கரைந்துவிடும். எஃப்.எஃப்.ஏ.பி. என்ற முனைவுப் பூச்சு வகைக் காலமும், முடிந்தால் சாற்றைச் சூடாக்காமல் நேரே காலத்துக்குள் செலுத்தும் ஆன்-காலம் ஊசியேற்றமும் வேண்டும்.

பாதுகாப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள். எல்லாம் ஃபியூம் ஹூடில். ஈதர் பழைய புட்டியாக இருந்தால் பெராக்சைடு சோதனை செய்யாமல் வடிக்கக் கூடாது, வடிகுடுவை வெடிக்கும். திரவ நைட்ரஜன் பொறியில் காற்று தொடர்ந்து இழுக்கப்பட்டால் ஆக்சிஜன் திரவமாகத் தேங்கும். கசிவு இருக்கும்போது பம்ப்பை ஓடவிட்டுவிட்டு எங்கும் போய்விடாதீர்கள்.

சாறு கையில் வந்ததும், ஜி.சி.யில் ஏற்றும் முன்பு, ஒரு வடிதாள் கீற்றில் ஒரு சொட்டு விட்டுக் கரைப்பான் பறந்ததும் முகர்ந்து பாருங்கள். மாம்பழமாக மணந்தால் மேலே செல்லலாம். வெல்லப்பாகு, வேகவைத்த பழம், வெறும் பச்சை மாங்காய் என்று மணந்தால், பட்டியல் எவ்வளவு நீளமாக வந்தாலும் அது நீங்கள் தேடும் பொருளின் பட்டியல் அல்ல. முறைகளை ஒப்பிடுவதற்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது. இதை ஒழுங்காகச் செய்வதே ஜி.சி. ஆல்ஃபாக்டோமெட்ரி: சாற்றை இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போய், எந்தப் பொருள் எத்தனையாவது நீர்ப்பில் மூக்குக்குக் கடைசியாக எட்டுகிறது என்று குறிப்பது. உங்கள் துறையில் முகரும் முனை இல்லையென்றால், அளந்த செறிவை அந்தப் பொருளின் நீர்மண வரம்பால் (தண்ணீரில் மணம் தெரியத் தேவையான மிகக் குறைந்த அளவு) வகுத்தாவது அட்டவணையை வரிசைப்படுத்துங்கள். வரம்பு மதிப்புகள் நூலுக்கு நூல் பத்து மடங்குகூட மாறும். வகுத்து வரும் ஈவில் 5-க்கும் 8-க்கும் இடையிலான வேறுபாட்டில் பொருள் தேடாதீர்கள், 5-க்கும் 500-க்கும் இடையில் தேடலாம்.

ஆகவே ஆய்வேட்டில், சேஃப் சாற்றைப் பட்டியலுக்கும் மண ஆற்றலுக்கும் வையுங்கள், எஸ்.பி.எம்.இ.யை முதலில் வெளிவரும் எஸ்டர்களுக்கும் மாதிரிகளை ஒப்பிடவும் வையுங்கள். லைக்கன்ஸ்-நிக்கர்சன் முடிவை நீக்க வேண்டாம், சூடு என்ன செய்கிறது என்பதற்குச் சான்றாக வையுங்கள். கூழ்த் தொழிற்சாலையில் பழம் சூடுபடத்தானே போகிறது, அங்கே அந்தப் பட்டியலுக்கும் பயன் உண்டு. சேஃப் கருவி கிடைக்கவில்லை என்றால், சிலாக்சேன் பூசிய கலக்குகோலைக் கூழின் வடிநீரில் சுழலவிட்டு எடுக்கும் எஸ்.பி.எஸ்.இ. ஓரளவு ஈடுகட்டும். ஃபைபரைவிட அதில் பூச்சின் அளவு பல மடங்கு அதிகம், லாக்டோன்கள் நன்றாக வரும். ஃபியூரனியால் அதிலும் வராது. வேறு பழத்துக்குப் போனால் வரிசை மாறும். பேஷன் பழத்திலும் கொய்யாவிலும் மணத்தைத் தீர்மானிப்பதில் கந்தகம் கொண்ட தயோல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவை நுண்ணளவில் இருந்து, காற்றிலும் உலோகத்திலும் பட்டால் ஆக்சிஜனேற்றமாகி மறைபவை. அவற்றுக்குத் தயோலை மட்டும் பிடிக்கும் தனி முறைகள் வேண்டும், மேலே சொன்ன எதுவும் தனியாகப் போதாது.

இனி ஐஸ்கிரீம். மேலே சொன்ன கரைப்பான் முறைகள் பகுப்பாய்வுக்கானவை. டைகுளோரோமீத்தேனில் எடுத்ததை உணவில் சேர்க்க நினைக்கவே வேண்டாம். எத்தனால் பாதுகாப்பானது, ஆனால் அது தண்ணீரையும் சர்க்கரையையும் சேர்த்தே இழுக்கும், செறிவான எசன்ஸ் கிடைக்காது. பழச்சாற்றுத் தொழிலில் நடப்பது வேறு: சாற்றை வற்றவைக்கும்போது முதலில் எழும் ஆவியைத் தனியே பிடிப்பது. அமெரிக்க வேளாண் துறையின் ஃபிலடெல்ஃபியா ஆய்வகத்தில் 1944-இல் ஆப்பிள் சாற்றுக்கு இதை வகுத்துக் காட்டினார்கள். சாற்றின் சுமார் 10 சதவீதம் ஆவியாவதற்குள் ஆப்பிளின் மணத்தில் பெரும்பகுதி மேலே வந்துவிடும். அந்த ஆவியை ஒரு சிறு வடிப்புக் கோபுரத்தில் 100, 150 மடங்கு செறிவாக்கலாம். ஆப்பிள் மணத்தில் எஸ்டர்கள் மிகுதி என்பதால் இது அழகாகப் பொருந்துகிறது. கெட்டியான கூழையும் தாங்கும் சுழல்கூம்புக் காலம் என்ற கோபுரம் பின்னால் வந்தது, மெல்லிய படலமாகக் கூழைச் சுழற்றி வெற்றிடத்தில் தாழ்ந்த வெப்ப நீராவியால் மணத்தை உரிப்பது. மாம்பழக் கூழுக்குப் பெருந்தொழிலில் ஏற்றது அதுவே. ஆனால் அங்கேயும் மேலே வருவது ஓசிமீனும் எஸ்டரும். ஃபியூரனியாலும் லாக்டோனும் கூழிலேயே தங்கும். அந்த வடிநீரை மட்டும் முகர்ந்தால் பழுத்த மாம்பழமாக இராது, பச்சை வாடை தூக்கலாக இருக்கும். செறிவூட்டிய கூழோடு அதைத் திரும்பச் சேர்க்கும்போதுதான் மணம் முழுமையாகும்.

மீஉய்ய (வாயுவும் திரவமும் வேறுபடாத நிலையிலுள்ள) கார்பன் டை ஆக்சைடு பற்றியும் கேட்பார்கள். 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அது நல்ல கரைப்பான், எச்சம் விடாது, சூடில்லை. ஹாப்ஸ், மிளகு, ஏலம் போன்ற உலர்ந்த பொருள்களுக்கு அருமை. 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உள்ள கூழுக்கு அப்படியே பொருந்தாது. உலர்த்திவிட்டு எடுக்கலாம் என்றால், உலர்த்தும்போதே பிடிக்க வேண்டிய மணம் போய்விடும்.

முதலீட்டுக்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். கிலோவுக்கு 30 மில்லிகிராம் மணப்பொருள் இருப்பதாகவும், அத்தனையும் மீள்வதாகவும் வைத்துக்கொண்டாலும், 100 கிலோ கூழிலிருந்து 3 கிராம். நடைமுறையில் அதில் ஒரு பங்குதான் வரும். கூழ் வேறு வழியில் விற்கப்போகும் தொழிற்சாலையில், ஆவியாகப் போவதைப் பிடிப்பது இலாபம். எசன்ஸுக்காகவே பழம் வாங்கிக் கூழைக் கொட்டுவது எந்தக் கணக்கிலும் ஒத்துவராது. சிறு ஐஸ்கிரீம் தயாரிப்புக்கு நல்ல கூழே சிறந்த மணமூட்டி. கிருஷ்ணகிரிப் பக்கம் ஏராளமாகக் கிடைக்கும் கிளிமூக்குக் கூழ் கெட்டித்தன்மைக்கும் நிறத்துக்கும், அதில் ஒரு பங்கு அல்போன்சா கூழ் மணத்துக்கும் என்று கலந்து, கலவையில் 15 முதல் 20 சதவீதம் சேருங்கள். பால் கலவையைப் பாஸ்டுரைஸ் செய்து, ஆறவைத்து, முதிரவிட்ட பிறகு, உறையவைக்கும் இயந்திரத்தில் ஏற்றும் முன் சேர்க்க வேண்டும். சூடான பாலில் கொட்டினால் எஸ்டர்கள் நிற்காது. அப்படிப் பின்னால் சேர்ப்பதால் கூழ் தனியே பாஸ்டுரைஸ் ஆனதாக இருக்க வேண்டும், இல்லையேல் நுண்ணுயிர்ச் சோதனையில் மாட்டும். பால்கொழுப்பு லாக்டோன்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும், குளிர் எல்லா மணத்தையும் அடக்கும் என்பதால், அறைவெப்பக் கலவையில் சற்றுத் தூக்கலாகத் தோன்றும் அளவே உறைந்தபின் சரியாக இருக்கும்.

ஆனாலும் வடிநீரைப் பிடித்துப் பார்க்க ஆசையிருந்தால், நொதியால் இளக்கி வடிகட்டிய மாம்பழச் சாற்றை ரோட்டாவேப்பில் 40 டிகிரியில் வைத்து, முதல் 10 சதவீதத்தைப் பனிக்கட்டி-உப்புக் குளிரில் பிடியுங்கள். பம்ப்புக்கு முன்னால் இன்னொரு குளிர்ப்பொறி இல்லையென்றால் மணம் பம்ப் வழியே அறைக்குத்தான் போகும். கரைப்பான் படாமல் இப்படி வடித்துப் பிடிப்பது, இயற்கை மணமூட்டி என்பதற்கு இந்திய உணவு விதிகள் சொல்லும் "இயற்பியல் செயல்முறை" வரம்புக்குள் வரும். விற்பனைக்கு என்றால் லேபிளை எழுதும் முன் அந்த விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பிடித்தது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் என்பதால் எளிதில் பூஞ்சை பிடிக்கும். கழுத்துவரை நிரப்பிய கண்ணாடிப் புட்டியில், 4 டிகிரியில், சில நாள்களுக்குள் பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் புட்டி வேண்டாம். பிடித்த ஓசிமீனை அதன் சுவரே உறிஞ்சிக்கொள்ளும்.